வேட்டுவர் கணக்கு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

முடிச்சூருக்கு வடக்கே, பேருந்தேறினால் சிறு பொழுதில் சென்று சேரக்கூடிய ஊர் குன்றத்தூர். சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர் என்பதால் இவ்வட்டாரத்துத் தமிழன்பர்களுக்கு அது அயலூர் அன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழப் பேரரசின் அமைச்சராய் விளங்கிய அவர் பாடிய பெரிய புராணத்தில் கண்ணப்ப நாயனார் வரலாற்றை அறியாதார் இலர். கண்ணை இடந்து அப்பிய காட்சியில் கற்பவர் உள்ளம் சென்று தைத்துவிடுகிறது. அதனால் அதற்கு முன்னே நிகழும் வேட்டையைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். இவ்வுரை அந்த வேட்டையைப் பற்றியது.

அவ்வேட்டை ஏன் நிகழ்ந்தது என்பதைச் சேக்கிழார் தெளிவாகவே சொல்கிறார். பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகன் மூப்பெய்துகிறான். வில்லெடுத்துக் காடு புகும் வலிமை அவனிடம் குன்றுகிறது. வேட்டை தளர்ந்ததும் விலங்குகள் மிகுந்து புனங்களில் புகுந்து விளைவை அழிக்கின்றன. குடிகள் கூடிவந்து தலைவனிடம் முறையிடுகின்றனர். இனித் தன்னால் இயலாது என்றுணர்ந்த நாகன், மகன் திண்ணனிடம் தலைமையை ஒப்படைக்கிறான். திண்ணனின் கன்னி வேட்டை அந்த முறையீட்டின் பயனாக எழுந்தது. பொழுதுபோக்குக்காகவோ வீரப் பறைசாற்றலுக்காகவோ அவன் காடு புகவில்லை. விலங்கின் தொகையை ஓர் அளவில் நிறுத்துவது வேடர் தலைவனின் கடமை என்றும், அவன் தளர்ந்தால் அத்தொகை பெருகிப் புனம் பாழாகும் என்றும் அக்குடிகள் கருதினர். இன்று ஆட்சியாளரும் அறிவியலாரும் நீண்ட சொற்றொடர்களால் சுட்டும் ஒரு பணியை உடுப்பூர் மக்கள் ஒரு முறையீட்டில் அடக்கிவிட்டனர்.

அடுத்து வேட்டை தொடங்குகிறது. வலை கட்டுகின்றனர், நாய்களை ஏவுகின்றனர், பறை முழக்கி விலங்குகளைக் கலைக்கின்றனர். அம்பு பட்டு வீழ்வன பலவாகச் சேக்கிழார் அடுக்கிச் செல்கிறார். அந்த ஆரவாரத்தின் நடுவே, ஓடிவரும் சந்தத்திலேயே, ஒரு செய்தி வருகிறது. கொலைத்தொழிலில் வல்ல அவ்வேடர்கள் யானைக்கன்றுகளைத் தொடரவில்லை. சிறு குருளைகளைக் கொல்லவில்லை. கருவைச் சுமந்து நடை தளர்ந்த பெண்மானை அலைக்கவில்லை. ஒரே செய்யுளில் இம்மூன்றும் வந்துபோகின்றன. அடுத்த செய்யுளில் வேட்டை மீண்டும் விரைகிறது.

இச்செய்யுளுக்குப் பொருள் சொல்வோர் பெரும்பாலும் அருளைச் சொல்வர். பின்னாளில் நாயனாராகப் போகிறவனின் வேட்டையில் சைவ அறத்தின் சாயலைப் புலவர் ஏற்றினார் என்பர். அது முற்றும் தவறு என்று சொல்வதற்கில்லை. சேக்கிழார் அமைச்சர், வேடர் அல்லர். ஆயினும் ஒன்று எண்ணிப் பார்க்கத்தக்கது. அருள் ஒன்றே காரணமாயின் எல்லா விலங்கும் தப்பியிருக்க வேண்டும். முதிய கலைமானுக்கும் உயிர் உயிர்தானே? கன்றும் குருளையும் கருவுற்ற பிணையும் மட்டும் தப்புவானேன்? இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கலைமான் வீழ்ந்தால் கூட்டத்தில் வேறொரு கலை அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். வரும் ஆண்டில் பிறக்கும் மறிகளின் தொகை குறையாது. சூல் கொண்ட பிணை வீழ்ந்தால் அவ்வாண்டின் மறியும் போகும். அப்பிணை பின்னர் ஈனவிருந்த மறிகளெல்லாம் போகும். புள்ளிமான் ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு மறியே ஈனுவது. இதைக் காட்டில் திரிந்தவன் அறிவான். ஆகவே விலங்கைக் குறைக்கவும் வேண்டும், அற்றுப்போகவும் கூடாது என்னும் இரண்டு விருப்பங்களையும் ஒரே வேட்டையில் வைத்தவர்கள் அவ்வேடர்கள். சேக்கிழார் இதை எங்கிருந்து அறிந்தார் என்பதற்குச் சான்று தேடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தொண்டை நாட்டின் குறுங்காடுகளில் வேடர்கள் இருந்தனர். அமைச்சரின் செவிக்கு அவர்களின் வழக்கு எட்டாமலிருக்க வழியில்லை என்று கொள்வது பொருந்தும்.

இந்தக் கணக்கின் பழைய ஏடு ஒன்று தமிழில் உண்டு. அது தொல்காப்பியத்து மரபியல். விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் என அவ்வியல் வகுத்துச் செல்வதைப் புலவர்கள் சொல்லாராய்ச்சியாகவே கண்டனர். மானினத்துக்கு மறி என்றும், கலை என்றும், பிணை என்றும் தனித்தனிப் பெயர்கள் ஏன் தோன்றின என்று வினவினால் வேறொரு விடை கிடைக்கும். கவிஞனுக்கு 'மான்' என்ற ஒரு சொல் போதும். காதலியின் கண்ணுக்கு உவமையாக நின்றால் அது கலையா பிணையா என்பதில் அவனுக்குப் பெரிய கவலையில்லை. வேட்டுவனுக்கு அப்படியன்று. புதருக்கு அப்பால் நிற்பது எது என்பதை அம்பு புறப்படுமுன் அவன் சொல்லியாக வேண்டும். கூட்டத்தில் பிணை எத்தனை, அவற்றின் பின்னே ஓடும் மறி எத்தனை என்று பார்த்தே அக்கூட்டம் பெருகுகிறதா சிறுக்கிறதா என்று அவன் அறிகிறான். இன்றைக்கு வனவிலங்கு ஆய்வாளர் தொலைநோக்கியும் குறிப்பேடும் கொண்டு செய்வதும் இதுவே. பிணைக்கு மறி என்ன விகிதம் என்பதே அவர்களின் முதற்கேள்வி. மரபியல் தொகுத்த சொற்களில் ஒரு பகுதியேனும் வேட்டுவர் வாயில் பிறந்து புலவர் ஏட்டில் ஏறியவை என்று கொள்ள இடமுண்டு.

வேட்டுவரை இவ்வாறு புகழ்ந்துகொண்டே செல்வதும் நேர்மையாகாது. வேட்டையின் மற்றொரு முகமும் சங்க இலக்கியத்தில் உண்டு. வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டில் வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிலும் சென்று தைக்கிறது. அவ்வம்புக்குக் கணக்கு கிடையாது. பெருமிதம் மட்டுமே உண்டு. புலவர் பரிசில் பெற்றார். காட்டில் ஐந்து உயிர்கள் குறைந்தன. மன்னனின் வேட்டையும் குடியின் வேட்டையும் ஒன்றல்ல என்பதை அப்பாட்டு தன்னையறியாமல் காட்டிவிடுகிறது.

மூன்றாவதாக உழவனின் முகம். தினையுண்ண வரும் பன்றிக்கென்று புனவன் வைத்த கல் அடாரில் புலி வந்து அகப்படுவதாக நற்றிணை கூறும். மலைபடுகடாமும் அடார்களைப் பேசும். பொறி எதையும் தேர்ந்து கொல்லாது. கலை, பிணை, மறி என்று பார்க்கும் கண் அதற்கில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே விளைநிலத்தில் போட்டிருந்த சட்டத்துக்குப் புறம்பான மின்வேலியில் மூன்று யானைகள் மடிந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளில் கல் போய் மின்கம்பி வந்திருக்கிறது. வேட்டுவன் விலகிய இடத்தில் பொறி வந்து அமர்வதைக் கவிஞர்கள் கருத வேண்டும்.

வேட்டுவரின் கருத்து தமிழ் மண்ணில் சட்ட வடிவம் பெற்றது நீலகிரியில். 1877-இல் அங்கிருந்த ஆங்கிலேயர் நீலகிரி வேட்டைச் சங்கம் ஒன்றை நிறுவினர். கடமானும் வரையாடும் அருகிவருவதை அவர்கள் கண்டனர். அருகச் செய்தவர்களும் பெரும்பாலும் அவர்களே என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஈனும் பருவத்தில் வேட்டை கூடாது என்றும், உரிமம் பெற்றே வேட்டையாட வேண்டும் என்றும் கட்டுப்பாடுகள் எழுந்தன. வரையாட்டு வேட்டையில் அவர்கள் நாடியது முதுகில் வெளிறிய தடம் விழுந்த முதிய கடாக்களையே. சேக்கிழார் ஒரு செய்யுளில் சொன்னதன் பெரும்பகுதியை எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் துப்பாக்கி ஏந்தியவர்கள் விதிகளாக எழுதிக்கொண்டனர் எனலாம். ஆயினும் இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. உடுப்பூரில் விதியை வகுத்தவனும் அதற்குக் கட்டுப்பட்டவனும் ஒருவனே. நீலகிரியிலோ விதியை வகுத்தவன் விளையாட்டு வேட்டைக்காரன். உணவுக்காக வேட்டையாடிய பழங்குடிமகன் திருட்டு வேட்டைக்காரன் ஆனான். உரிமக் கட்டணம் செலுத்தும் வசதி எவனுக்கு இருந்ததோ அவனுடைய வேட்டை அறம் எனப்பட்டது.

அச்சங்கத்தின் மரபிலிருந்து நல்லவரும் தோன்றினர். குன்னூரில் வழக்கறிஞராய் இருந்த இ. ஆர். சி. தாவிதார் அவர்களுள் ஒருவர். வேட்டையாடிப் பழகியவர்; பின்னர்த் துப்பாக்கியை வைத்துவிட்டு நோக்கத் தொடங்கினார். 1963-இல் நீலகிரி மேட்டுநிலத்தில் வரையாடுகளைக் கணக்கெடுத்தார். 1975-இல் தொடங்கி மேற்குமலைத் தொடரில் அவை வாழும் இடங்களுக்கெல்லாம் சென்று எண்ணி, ஏறத்தாழ 2,200 இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டார். வேட்டுவனாக இருந்தபோது கற்ற பொறுமையும், காற்று வீசும் திசையறிந்து அணுகும் பழக்கமும், கடா எது பெட்டை எது குட்டி எது எனப் பிரித்தறியும் கண்ணும் அப்பணியில் அவருக்குக் கைகொடுத்தன. தமிழக அரசு தன் வரையாட்டுத் திட்டத்தில் அக்டோபர் 7-ஆம் நாளை அவர் நினைவாக வரையாடு நாளாக அறிவித்தது. 2024-இல் தமிழகத்தில் 1,031 வரையாடுகளும், 2025-இல் 1,303 வரையாடுகளும் இருப்பதாகக் கணக்கெடுப்புகள் கூறின. மூணாற்றுப் பக்கத்து இரவிகுளமும் இதே வகையில் பிழைத்ததுதான். தேயிலைத் தோட்டத்தாரின் வேட்டைக்காடாக இருந்த அந்த மேட்டுநிலத்தில் காவலுக்கு அமர்த்தப்பட்டவர்கள் முதுவர்கள். மலையை அறிந்த அவர்களின் கால்கள் அன்றாடம் அங்கு நடந்ததால் வரையாடு தப்பியது. 1975-இல் அது சரணாலயமும் 1978-இல் தேசியப் பூங்காவும் ஆயிற்று.

இதுவரை சொன்னவற்றால் பிணையை விடுவதே என்றும் நல்லது என்று தோன்றக்கூடும். அமெரிக்க நாட்டில் நடந்த ஒரு வழக்கு அவ்வெண்ணத்தைச் சற்றே அசைக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு தலைமுறைக்கும் மேலாகக் கலைமானை மட்டுமே சுடலாம் என்ற விதி நடைமுறையில் இருந்தது. மானினம் அருகியிருந்த காலத்தில் எழுந்த நல்ல விதி அது. மான்கள் பெருகின. ஓநாய்களோ ஏறக்குறைய அற்றுப்போயிருந்தன. 1940-களில் குளிர்காலக் காடுகளில் மான்கள் எட்டிய உயரம் வரை தழையெல்லாம் தின்று தீர்த்துப் பட்டினியால் மடியத் தொடங்கின. விலங்கு மேலாண்மை பற்றி 1933-இல் முதன்மையான நூல் எழுதியவரும், இளமை முதலே வேட்டைக்காரருமான ஆல்டோ லியோபோல்டு, பிணைகளையும் சுட்டுத் தொகையைக் குறைத்தாலன்றிக் காடு பிழைக்காது என்றார். அவரை எதிர்த்து எழுந்தவர்களில் பலர் வேட்டைக்காரர்களே! பிணையைக் கொல்வது ஆண்மையன்று என்றனர் சிலர். மான் குறைந்தால் தங்கள் வேட்டை குறையும் என்று அஞ்சினர் பலர். 1943-இல் பிணைகளையும் சுட இசைவு தரப்பட்டது. அதில் வீழ்ந்த மான்களின் தொகையைக் கண்டு மாநிலமே கொதித்தது. லியோபோல்டைத் தாக்குவதற்கென்றே செய்தித்தாள் நடத்தினர்.

எல்க் என்னும் பெருமான் வாழும் எல்லோஸ்டோன் பூங்காவிலும் இவ்வழக்கு வேறுருவில் எழுந்தது. அது உருவில் கடமானைவிடப் பெரியது. ஓநாய்கள் அழிக்கப்பட்ட அப்பூங்காவில் எல்க் மிகுந்து, புல்வெளியும் இளமரமும் அழிந்தன. 1961-62 குளிர்காலத்தில் பூங்காக் காவலர்களே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட எல்க்குகளைச் சுட்டுக் குறைத்தனர். அரசு ஊழியர் ஏன் சுட வேண்டும், அவ்வுரிமையைத் தங்களுக்குத் தரலாகாதா என்று கேட்டனர் வேட்டைக்காரர்கள். ஏன் சுடவே வேண்டும் என்று கேட்டனர் மற்றவர்கள். அப்பத்தாண்டு முடியுமுன் சுடுவது நின்றது. 1995-இல் கனடாவிலிருந்து ஓநாய்களைக் கொணர்ந்து விட்டனர். அங்கு வேட்டைக்காரர் குரலுக்கு வலிமை உண்டு. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அவர்கள் செலுத்தும் வரி 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வனவிலங்குப் பேணுதலுக்கே செல்கிறது. பணம் தருபவன் பேசுகிறான், பேசுபவனைக் கேட்கின்றனர். அவன் சொல்வது எப்போதும் சரி என்பதற்கில்லை. ஓநாயை அவர்களிற் பலர் வெறுத்தனர். இன்றும் வெறுப்போர் உளர். வேட்டைக்காரன் கண் கூட்டத்தைக் காண்கிறது. அக்கண்ணில் தன் பங்கும் சேர்ந்தே தெரிகிறது.

இவ்விரண்டு வழக்குகளையும் வைத்துக்கொண்டு சேக்கிழாரின் செய்யுளை மீண்டும் படித்தால் அதன் இடமும் காலமும் விளங்கும். திண்ணன் புகுந்த காட்டில் புலி இருந்தது. அவன் விட்ட பிணைகளையும் மறிகளையும் புலியும் செந்நாயும் ஓரளவு எடுத்துக்கொள்ளும். எஞ்சியதே பெருகும். புலியில்லாக் காட்டில் பிணையை விடுவது மட்டும் காப்பாகாது. அந்தமான் தீவுகளில் பிரித்தானியர் கொண்டுபோய் விட்ட புள்ளிமான் அதற்குச் சான்று. அதை அடித்துண்ண அங்கு ஒரு விலங்கும் இல்லை. அத்தீவுகளின் தொல்குடிகளும் காட்டுப்பன்றியை வேட்டையாடியவர்களேயன்றி மானை அறியாதவர்கள். மான் பெருகி, மழைக்காட்டின் இளங்கன்றுகளை முளையிலேயே மேய்ந்துவிடுகிறது.

இனி, தாம்பரத்துப் பக்கம் வரலாம். இங்கும் புலியில்லை. வண்டலூர்க் காப்புக்காட்டிலும், தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் குறுங்காட்டிலும், கிண்டியிலும் புள்ளிமான்கள் உண்டு. ஆளுநர் மாளிகையின் வேட்டைக்காடாய் இருந்த கிண்டி வனம் 1978-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. அதன் பரப்பு மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. கிண்டியில் வெளிமானும் உண்டு. திறந்த புல்வெளியை நாடும் வெளிமானுக்கு அங்கு இடம் சுருங்குகிறது. புதரிலும் நிழலிலும் வாழப் பழகிய புள்ளிமான் நிலைகொள்கிறது. இரண்டும் ஒரே வேலிக்குள் அடைபட்டவை. வேலிக்கு வெளியே வழிதவறி வரும் மான்கள் தெருநாய்களிடமும் நெடுஞ்சாலை வாகனங்களிடமும் அகப்படுவது நாளிதழ்களில் ஒரு மூலைச் செய்தி. நெகிழிப் பை தின்று மடிந்த மான்களும் உண்டு. வேட்டை என்ற சொல் சட்டத்தில் இல்லாமற் போனாலும் சாவு நின்றுவிடவில்லை. நாய்க்கும் வண்டிக்கும் பிணை, மறி என்ற வேறுபாடு தெரியாது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்திராவிட்டால் பேசுவதற்கே விலங்குகள் எஞ்சியிருக்கமாட்டா. அதில் ஐயமில்லை. அச்சட்டத்திலும் தொடக்கத்தில் உரிமம் பெற்று வேட்டையாடும் வழி இருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது அடைபட்டது. பின்னர்ப் பயிரழிவு மிகுந்தபோது அரசுகள் வேறு வழி தேடின. கேரளம் 2022-இல், காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் உரிமையை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்து, துப்பாக்கி உரிமம் பெற்றவர்களைத் துணைக்கு அழைத்தது. தமிழகம் 2025 ஜனவரியில் தொலைவை வைத்துப் பிரித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியை ஒன்றும் செய்யலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றுக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். இவ்வாணை உழவனின் முறையீட்டைக் கேட்டது, நன்று. ஆனால் அளவுகோல் முழுவதும் தொலைவிலேயே நிற்கிறது. எந்தப் பன்றி, எந்தப் பருவத்தில், குட்டியோடு வந்ததா தனியனா என்ற கேள்விகள் உடுப்பூரில் முதலில் எழுந்திருக்கும். அக்கேள்விகளைக் கேட்கக்கூடியவர்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கின்றனர்.

அவர்கள் இருளர்கள். முடிச்சூரைச் சுற்றிலும் ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் வாழ்ந்தவர்கள். மனைப்பிரிவுகள் பெருகப் பெருக விலகிச் சென்றவர்கள். எலி வளையைத் தோண்டி எலியையும் பிடித்து, அது சேர்த்துவைத்த நெல்லையும் எடுத்துக்கொள்வது அவர்களின் பழந்தொழில். உழவனுக்கு அதனால் மருந்துச் செலவு மிச்சம். பாம்பும் அவர்களின் வேட்டைப்பொருளாக இருந்தது. தோல் வணிகர்களுக்குப் பிடித்துக் கொடுத்து வந்தனர். 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டதும் அப்பிழைப்பு ஒரே நாளில் சட்டத்துக்குப் புறம்பாயிற்று. ராமுலஸ் விட்டேகர் முதலானோர் துணைநிற்க, 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் இயங்கும் அச்சங்கத்தில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து, சில வாரம் பானையில் வைத்து நஞ்செடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மீண்டும் வெளியில் விட்டுவிடுகின்றனர். அடையாளமுள்ள பாம்பு மீண்டும் கிடைத்தால் அதைத் தொடுவதில்லை. ஆண்டுக்கு இத்தனை என்று அரசு இசைவு தருகிறது. நச்சுமுறி மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு அந்நஞ்சே மூலப்பொருள். வேட்டுவனின் கண்ணையும் கையையும் சட்டத்தோடு பகையில்லாமல் பயன்படுத்த முடியும் என்பதற்கு இந்தியாவில் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

அந்தக் கண்ணின் பெருமையைக் கடல்கடந்த நாடு அறிந்தது. புளோரிடாவின் சதுப்புக் காடுகளில் வளர்ப்போர் கைவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, முயலையும் மானையும் விழுங்கித் தீர்த்துவந்தன. 2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருளர் இருவரை அங்கு அழைத்தனர். முதல் இரண்டு வாரத்துக்குள் அவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுள்ள பெட்டை. புல் மடங்கிய விதத்தையும் எச்சத்தையும் உதிர்ந்த சட்டையையும் பார்த்து அவர்கள் நடந்தனர். முதலில் பெரிய பெட்டைகளைத் தேடுவதன் பயனை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அங்கே நோக்கம் ஒழித்தல். ஆகவே பிணையை விடும் கணக்கு அங்கே தலைகீழாகும். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

விருது வந்தது, உரிமை வரவில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்குப் பல மரபுரிமைகளை ஒப்புக்கொண்டபோது, வேட்டையாடும் உரிமையை மட்டும் பெயர் சொல்லி விலக்கியது. விலக்கியது சரியே எனக் கொண்டாலும், வேட்டையை விலக்கினால் வேட்டுவனின் அறிவையும் விலக்கியதாகாது. எண்ணுவதற்கும் தடம் பார்ப்பதற்கும், எந்தப் புதரில் எந்தப் பருவத்தில் பிணை மறியை ஒளித்துவைக்கும் என்று சொல்வதற்கும் எச்சட்டமும் தடையில்லை. காப்புக்காட்டு மானைக் கணக்கெடுக்கும் நாளில் இருளர் பெரியவர் ஒருவர் முன்னே நடந்தால் குற்றமென்ன? கேட்கப்படாமலே ஒரு தலைமுறை கழிந்துகொண்டிருக்கிறது. அவர்களின் பிள்ளைகள் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் செல்கின்றனர். தடம் பார்க்கும் கலை பள்ளியில் கற்பிக்கப்படுவதன்று. தந்தையின் பின்னே நடந்து கற்பது. தந்தை நடப்பதை நிறுத்திவிட்டார்.

வேட்டுவன் பெயர் தாங்கிய ஓர் ஊர் இம்மாவட்டத்தில் உலகப் புகழ் பெற்றிருக்கிறது. வேடந்தாங்கல் என்பது வேடனின் தாங்கல். அவ்வூரார் ஏரிப் பறவைகளைச் சுட்ட வெள்ளைச் சிப்பாய்களை எதிர்த்து முறையிட, 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்களின் காப்புரிமையை ஒப்பினார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரம் என்பதை ஊரார் அறிந்திருந்தனர். அங்கும் அருளோடு ஒரு கணக்கு கலந்திருந்தது. அதனாலேயே அக்காப்பு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

கவிஞர்கள் நிறைந்த அவையில் இவ்வளவும் சொல்லக் காரணம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1936-இல் நிறைவுற்றபோது, அதன் சொற்களில் பெரும்பாலானவை ஏடுகளிலிருந்து வந்தன. மறியும் கலையும் பிணையும் அதில் உண்டு. தாம்பரத்திலிருந்து மதுராந்தகம் வரை இருளர் குடியிருப்புகளில் ஒரு தடத்துக்கும் ஓர் எச்சத்துக்கும் படுத்தெழுந்த புல்லுக்கும் சூல்கொண்ட விலங்கின் நடைக்கும் வழங்கும் சொற்களைத் தேடிச் சென்று எழுதிக்கொண்டவர் மிகச் சிலரே. இவ்வட்டத்தின் அன்பர்களில் பலர் அக்குடியிருப்புகளுக்குப் பேருந்திலேயே செல்லக்கூடிய தொலைவில் வசிக்கின்றனர். ஒரு குறிப்பேடும், முற்பகல் முழுதும் பேசாமல் பின்னே நடக்கும் பொறுமையும் இருந்தால் போதும். அச்சொற்களை அறிந்த முதியவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகிறது.